எண்ணத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், அசைபோடுவதைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எதை எடுத்தாலும் கெட்டதே முதலில் தோன்றுகிறது. மேலதிகாரி ‘நாளை பேசலாம்’ என்று ஒரு வரி அனுப்பினால், வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுகிறேன். ஓராண்டாக அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு தூக்கம் இல்லை. நெஞ்சில் பாரம், வயிற்றைப் பிசைவது போன்ற வலி, கழுத்துப் பிடிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, இரத்தப் பரிசோதனை எல்லாம் இயல்பாக உள்ளன. எதிர்மறை எண்ணங்கள் இதயத்தையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் கெடுக்கும், புற்றுநோயைக்கூட வரவழைக்கும் என்று எங்கோ படித்த நாளிலிருந்து, கெட்ட எண்ணம் வந்தாலே ‘இதோ, உடம்பு கெடுகிறது’ என்று பயம் பிடித்துக்கொள்கிறது. ‘எண்ணம் போல் வாழ்வு’ என்கிறார்கள். நல்லதையே நினைக்க முயன்று ஒவ்வொரு நாளும் தோற்றுப்போகிறேன். என் எண்ணங்களே என்னைக் கொன்றுவிடுமா? என் பத்து வயது மகளும் இப்போது ‘என்னால் முடியாது’ என்று அடிக்கடி சொல்கிறாள். இது அவளுக்கும் வந்துவிடுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, ஓராண்டாகத் தூக்கம் கெட்டுக் களைத்துப்போன ஒருவரின் குரல் கேட்டது. இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. உங்களுக்கு இப்போது இரண்டு பயங்கள் இருக்கின்றன. வேலை, குடும்பம், வருங்காலம் பற்றிய பயம் ஒன்று. அந்தப் பயம் உடம்பைக் கெடுத்துவிடும் என்ற பயம் இன்னொன்று. மனநல மருத்துவராக நான் பார்த்தவரையில், இந்த இரண்டாவது பயமே மனிதரை அதிகம் வாட்டுகிறது. ஆகவே அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் எண்ணங்கள் உங்களைக் கொன்றுவிடாது. கெட்ட எண்ணம் ஒன்று தோன்றி மறைவதால் எந்த உறுப்பும் பழுதாவதில்லை. அப்படிப்பட்ட எண்ணங்கள் எல்லா மனிதருக்கும், இதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கும், நாள்தோறும் வருகின்றன.

ஆனாலும் உங்கள் நெஞ்சுப் பாரமும் வயிற்று வலியும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். பரிசோதனை அறிக்கைகள் இயல்பாக இருக்கின்றன என்பதற்கு, ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது. உறுப்புகளில் நோய் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்த உறுப்புகள் ஓய்வின்றி வேலை வாங்கப்படுகின்றன என்பதை இ.சி.ஜி. தாள் காட்டாது. வலி உண்மையானது. அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் குறையும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் மூளைக்கு, கண்முன் நிற்கும் ஆபத்துக்கும் மனத்தில் ஓடும் ஆபத்துக்கும் வேறுபாடு காண்பது எளிதன்று. ஆபத்து என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அது உடம்பைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயார்ப்படுத்துகிறது. இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, இரத்தம் செரிமான உறுப்புகளிலிருந்து கைகால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. சில நிமிடங்களில், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியும் பிட்யூட்டரி சுரப்பியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளையிட, கார்ட்டிசால் என்னும் ஹார்மோனும் கூடுகிறது. அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடுவதற்கான எரிபொருளை ஆயத்தமாக வைக்கிறது.

இந்த ஏற்பாடு நம்மைக் காப்பதற்காக உண்டானது. துரத்தும் விலங்கிடமிருந்து தப்பி ஓடியவரின் உடம்பில், ஓட்டம் முடிந்ததும் எல்லாம் தணிந்துவிடும். இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே குறைந்துவிடுகிறது. கார்ட்டிசால் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆகவே, ஒரு கெட்ட எண்ணம் வந்து போனால் உடம்பு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அது திரும்புவதற்குள் அதே எண்ணத்தை மீண்டும் எடுத்து, மறுபடியும் மென்று, இன்னும் இரண்டு ‘ஒருவேளை’களைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மாடு இரையை அசைபோடுவதற்கு ஒரு பயன் உண்டு. மனம் அசைபோடும்போது அதே இரை ஒவ்வொரு சுற்றிலும் கசப்பு கூடி வருகிறது. நடந்து முடிந்த பத்து நிமிட நிகழ்ச்சி உடம்பைப் பொறுத்தவரை பத்து மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் 2006-இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள்: மன அழுத்தம் தரும் நிகழ்ச்சியைவிட, அதற்கு முன்னும் பின்னும் நாம் அதைப் பற்றி ஓயாமல் சிந்திக்கும் நேரமே உடம்பை நீண்ட காலம் விழிப்பு நிலையில் வைத்திருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். என் சிகிச்சை அனுபவத்தோடு இதுவே மிகவும் பொருந்துகிறது.

இதை என் அறையில் பலருக்குக் கையாலேயே காட்டியிருக்கிறேன். உங்களைப் போலவே எல்லாப் பரிசோதனைகளையும் முடித்துக்கொண்டு வந்த ஒருவர், ‘நான் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, டாக்டர்’ என்றார். அவருடைய இரண்டு விரல்களை அவருடைய மணிக்கட்டிலேயே வைக்கச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன். நிமிடத்துக்கு 74. பிறகு, முந்தைய நாள் இரவு அவரைத் தூங்கவிடாத விஷயத்தை, வாய் திறவாமல், மனத்துக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நாற்காலியிலிருந்து அவர் அசையவில்லை. ஆனால் தோள்கள் காதை நோக்கி ஏறின; தாடை இறுகியது. இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணியபோது 96. அவர் தம் விரல்களையே வியப்புடன் பார்த்தார். இதயத்தில் குறை இல்லை. அது கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது என்பதை நான் வாயால் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அன்று இரவு அவர் பல வாரங்களுக்குப் பிறகு ஓரளவு தூங்கினார் என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார்.

உங்கள் உடம்பின் தொல்லைகளை இப்போது வரிசையாகப் பார்த்தால் புதிர் எதுவும் இல்லை. ஓயாமல் இறுகியிருக்கும் கழுத்து, தோள் தசைகள் வலிக்கத்தான் செய்யும். வேகமான, மேலோட்டமான மூச்சு விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளைச் சோர வைத்து, நெஞ்சில் கல் வைத்தாற்போன்ற பாரத்தைத் தரும். வயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் குடல் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பான்மையானவை குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. பதற்றம் குடலைக் கலக்குகிறது. கலங்கிய குடல் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. ‘ஏதோ சரியில்லை’ என்ற உணர்வு வலுக்கிறது. எண்ணம் இன்னும் இருட்டாகிறது. ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்று பயத்தைக் குறிக்க நாம் சொல்வது வெறும் உவமை இல்லை.

அதிகாலை மூன்று மணியையும் அப்படியே புரிந்துகொள்ளலாம். கார்ட்டிசால் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருந்து, இரவின் பிற்பாதியில் மெல்ல ஏறத் தொடங்கி, காலை விழித்த அரைமணி நேரத்துக்குப் பின் உச்சத்தைத் தொடுகிறது. இரவின் பிற்பாதியில் தூக்கத்தின் ஆழமும் குறைவு. பகலில் பதற்றத்தோடு வாழ்பவருக்கு அந்த நேரத்தில் சிறு அசைவிலேயே விழிப்பு வந்துவிடுகிறது. விழித்த மூளை முழுதாக விழித்ததாகவும் இல்லை. நியாயம் பார்க்கும் பகுதி அரைத்தூக்கத்தில் இருக்க, ஆபத்தைத் தேடும் பகுதி மட்டும் கண்ணைத் திறந்துகொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது அந்த நேரத்துக்கே சொன்னது போலிருக்கிறது. மூன்று மணிக்கு எடுக்கும் எந்த முடிவையும் முடிவாகக் கொள்ளாதீர்கள்.

நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீடித்த மன அழுத்தம் அதைப் பாதிக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் பாதிப்பு எந்த அளவில் இருக்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலத்தோடு இருந்த 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டு மருந்து போல விட்டுத் தனிமைப்படுத்திக் கவனித்தார்கள். மன அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 1995-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மறதிநோய் கண்ட உறவினரைப் பல காலம் கவனித்துக்கொண்டிருந்த 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாள்களை எண்ணினார்கள். அத்தகைய பொறுப்பு இல்லாத, அதே வயதுள்ள பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற ஏறக்குறைய ஒன்பது நாள்கள் கூடுதலாயின. கவனியுங்கள்: சளி பிடித்தது, காயம் தாமதமாக ஆறியது. இவை உண்மையான பாதிப்புகள். ஆனால் சளி குணமாகிவிட்டது, காயமும் ஆறிவிட்டது. தவிர, அந்தப் பெண்கள் சுமந்தது தோளை அழுத்தும் நிஜமான பொறுப்பு. கெட்டதை நினைத்த குற்றத்துக்காக உடம்பு அவர்களைத் தண்டித்ததாக யாரும் சொல்ல முடியாது.

உங்களைப் பயமுறுத்திய செய்திகள் இந்த இடத்தில்தான் எல்லை தாண்டிவிடுகின்றன. மனநிலையே நோயைக் கொண்டுவருகிறது, மனநிலையே நோயைப் போக்குகிறது என்று எழுதுகிறவர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதலாம்; ஆனால் அவர்களால் நோயாளிகளுக்கு நேரும் துன்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புற்றுநோய் வந்த ஒருவர், ‘நான் தவறாக நினைத்ததால் வந்துவிட்டதோ’ என்று கேட்டு அழும்போது, அந்தக் கேள்வியை அவருடைய மனத்தில் விதைத்தவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டாகிறது. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், உணர்வு நிலை நன்றாக இருந்ததா இல்லையா என்பதற்கும் அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. பிரிட்டனில் நடுத்தர வயதைக் கடந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. ஏற்கெனவே இருந்த உடல்நலக் குறைவு, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, மகிழ்ச்சியாக இல்லாதவர்கள் அதனாலேயே விரைவில் இறந்தார்கள் என்று சொல்ல அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. நோய் மகிழ்ச்சியைக் குறைக்கிறது. மகிழ்ச்சிக் குறைவே உயிரைக் குறைக்கிறது என்று தலைகீழாகப் படித்துவிட்டோம் என்பதே அவர்கள் சுட்டிக்காட்டியது. வயிற்றுப்புண்ணும் இப்படித்தான். கவலையும் பதற்றமும்தான் அதற்குக் காரணம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் அதற்குப் பெரிதும் காரணமான ஹெலிகோபேக்டர் என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்த பிறகு, நோயாளிகளுக்கு அறிவுரை கூறுவதைக் குறைத்துக்கொண்டு அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து கொடுக்கத் தொடங்கினோம். அவர்கள் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் இதயத்துக்கு எதுவுமே நேராதா என்று கேட்பீர்கள். நீண்ட காலம் கவனிக்கப்படாத மனச்சோர்வு இதய நோயோடு தொடர்புடையது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு நேர்வழியில் வருவதில்லை. மனம் சோர்ந்தவர் நடப்பதை நிறுத்துகிறார், நேரம் தவறிச் சாப்பிடுகிறார், புகையையோ மதுவையோ நாடுகிறார், இரத்த அழுத்த மாத்திரையை மறக்கிறார், நண்பர்களைத் தவிர்க்கிறார், தூக்கத்தை இழக்கிறார். எண்ணத்துக்கும் இதயத்துக்கும் இடையே இத்தனை படிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் நாம் தலையிட முடியும் என்பது எனக்கு ஆறுதலாகப் படுகிறது. உங்களுக்கும் படும் என்று நம்புகிறேன். எண்ணம் மாறும்வரை காத்திருக்காமல், இன்று மாலையே அரைமணி நேரம் நடந்துவிட்டு வரலாம் அல்லவா?

இனி மனத்தைப் பற்றி. அசைபோடும் பழக்கம் உடம்பைவிட மனத்துக்கே கூடுதல் கேடு செய்கிறது. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா, மனம் வாடும்போது என்ன செய்வீர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் கேட்டுப் பதிவு செய்திருந்தார். நடுக்கத்துக்குப் பிறகு அவர்களையே மீண்டும் பார்த்தபோது, தம் வாட்டத்தையே திரும்பத் திரும்ப ஆராயும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. நிலம் எல்லோருக்கும்தான் நடுங்கியது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’, ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்ற கேள்விகள் ஆராய்ச்சி போலத் தோன்றுகின்றன. ஆனால் அவற்றுக்கு விடை கிடைத்ததாக எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. சோர்ந்த மனம் பழைய நினைவுகளிலும் சோர்ந்தவற்றையே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக நீங்கள் சரியாக முடித்த கணக்குகள் எதுவும் அந்தச் சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை.

நல்லதையே நினைக்க முயன்று தோற்றுப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோல்வி உங்களுடையதன்று. அந்த வழியே தவறு. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், ‘வெள்ளைக் கரடியை மட்டும் ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள், நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள்’ என்றார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், பிறகு ‘இனி நினைக்கலாம்’ என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கி வைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். எண்ணத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால், அது கொல்லைப்புற வழியாகத் திரும்பி வருகிறது. ‘நான் அன்புக்குரியவன், நான் வெல்வேன்’ என்பது போன்ற வாக்கியங்களைச் சொல்லிக்கொள்வதைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கு அது நன்மை செய்யாமல் மனநிலையைச் சற்றுக் கீழே இறக்கியதையும் காட்டியது. நம்பிக்கை இல்லாத வாக்கியத்தை வாய் சொல்லும்போது மனம் அதற்கு எதிர்வாதம் செய்யத்தானே செய்யும்?

பிறகு என்னதான் செய்வது? 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தம் நோயாளிகளின் மனத்தில் நொடிப்பொழுதில் ஓடி மறையும் வாக்கியங்கள் இருப்பதையும், அவர்கள் அவற்றைச் சோதித்துப் பார்க்காமலேயே உண்மை என்று ஏற்பதையும் கவனித்தார். அவற்றைத் தாமாக எழும் எண்ணங்கள் என்று அழைத்தார். அவற்றை விரட்டவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். பிடித்து நிறுத்திக் கணக்குக் கேட்டால் போதும் என்பதே அவர் வகுத்த சிகிச்சையின் சாரம். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். ரசீது இல்லாத செலவை ஏட்டில் ஏற்றமாட்டீர்கள். அதே கண்டிப்பை இங்கேயும் காட்டுங்கள்.

உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நோட்டில், நடந்ததை முதலில் எழுதுங்கள்: ‘மாலை 6 மணிக்கு, நாளை பேசலாம் என்று செய்தி வந்தது.’ அவ்வளவுதான் நடந்தது. அடுத்து, மனம் சொன்னதை அதே சொற்களில் எழுதுங்கள்: ‘வேலை போய்விட்டது.’ இப்போது அதற்கான ரசீதைக் கேளுங்கள். இதற்கு முன் எத்தனை முறை அப்படிச் செய்தி வந்திருக்கிறது? அவற்றில் எத்தனை முறை வேலை பற்றிய பேச்சே எழுந்தது? இந்த மாதம் உண்மையிலேயே குறை சொல்லும்படி ஏதாவது நடந்ததா? நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கடைசியாக, சான்றுகளுக்கு ஏற்ற ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அது இனிப்பாக இருக்க வேண்டியதில்லை. ‘அவர் எதைப் பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியாது, சென்ற வாரம் ஒரு பதிவு தாமதமானது, அதைப் பற்றிக் கேட்கலாம், கேட்டால் விளக்கம் இருக்கிறது’ என்று எழுதினால் போதும். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று எழுதினால் உங்கள் மனம் நம்பாது, இதை நம்பும். மறுநாள் பேச்சு முடிந்ததும், அவர் உண்மையில் என்ன பேசினார் என்பதை அதன் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். என் அனுபவத்தில் மருந்து போல வேலை செய்வது இந்தக் கடைசி வரிதான். பலரும் இதைத்தான் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நான்கு வாரம் கழித்து நோட்டைப் புரட்டும்போது, மனம் சொன்ன தீர்க்கதரிசனங்களில் எத்தனை பலித்தன என்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள்.

அசைபோடுவதற்கென்று பகலில் ஒரு நேரம் ஒதுக்குவதும் உதவும். தினமும் மாலையில், படுக்கையறை அல்லாத ஓரிடத்தில், அரைமணி நேரம் உட்கார்ந்து கவலைகளை எழுதித் தீருங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சொல்லாகக் குறித்துவைத்து, ‘மாலையில் பார்க்கிறேன்’ என்று ஒத்திப்போடுங்கள். அடக்குவதற்கும் ஒத்திப்போடுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சில நாள்களிலேயே உணர்வீர்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கைபேசியைத் தொடவே வேண்டாம். சுமார் இருபது நிமிடம் கடந்தும் தூக்கம் வராததுபோல் தோன்றினால், எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து, சுவாரசியமற்ற எதையாவது படித்து, கண் சொக்கும்போது மட்டும் திரும்புங்கள். எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். நெஞ்சு படபடக்கும்போது, மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வெளிவிடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது. படபடப்பு இல்லாத நேரத்தில் பழகிவைத்தால்தான் படபடப்பில் கைகொடுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒன்றை நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் ஓராண்டுத் தூக்கமின்மை இருக்கிறது; உடல்வலி இருக்கிறது; எதிலும் கெட்டதையே காணும் போக்கு இருக்கிறது. இது குணக்குறையாக எனக்குத் தோன்றவில்லை; சிகிச்சை தேவைப்படும் பதற்ற நோயோ மனச்சோர்வோ இருக்கலாம் என்று தோன்றுகிறது. கடிதத்தைக் கொண்டு நோயை முடிவு செய்ய முடியாது; ஆகவே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாள்களில் மனம் வாடியோ எதிலும் நாட்டம் இல்லாமலோ இருந்தால் நாங்கள் மனச்சோர்வு உண்டா என்று பார்க்கிறோம். நீங்கள் ஓராண்டு பொறுத்துவிட்டீர்கள். பெக் வகுத்த முறையில் அமைந்த பேச்சுவழிச் சிகிச்சைக்கு, வாரம் ஒரு முறை வீதம் ஏறக்குறைய 12 முதல் 20 அமர்வுகள் தேவைப்படும். மருந்து தேவை என்று மருத்துவர் கருதினால் தயங்காதீர்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிட்டவர்களும், சற்றுத் தேறியதும் தாமாகவே நிறுத்தியவர்களும் என்னிடம் மறுபடி வந்திருக்கிறார்கள். நெஞ்சுப் பாரம் நடக்கும்போதோ படியேறும்போதோ கூடினாலும், கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்வையோடு வந்தாலும், பழைய அறிக்கைகளை நம்பி இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அதை நோட்டில் எழுதிச் சோதிக்கும் வேலையே வேண்டாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே, உடனிருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள்.

மகளைப் பற்றி இறுதியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ அதுதான் கடிதத்தின் முதல் கேள்வியாகப் பட்டது. மனச்சோர்வுக்கு ஆளாகும் தன்மையில் மரபணுக்களின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல் என்று இரட்டையர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. எஞ்சிய பெரும்பகுதி வாழ்க்கையில் நேர்வது. பத்து வயதுக் குழந்தை ‘என்னால் முடியாது’ என்று சொல்வது நோயின் அறிகுறியாக இருக்க வேண்டியதில்லை. கடினமான ஒரு பாடத்தின் முன் எல்லாக் குழந்தைகளும் சொல்வதுதான். அவள் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, தோழிகள் ஆகியவற்றில் மாற்றம் இருந்து அது வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் அப்படிச் சொல்லும்போது ‘அப்படிச் சொல்லாதே’ என்று வாயை மூடாதீர்கள். ‘எந்த இடம் முடியவில்லை, காட்டு’ என்று கேட்டு அருகில் உட்காருங்கள். நீங்கள் உங்களைப் பற்றி வாய்விட்டுச் சொல்லும் சொற்களையும் அவள் கேட்டுக்கொண்டே வளர்கிறாள். அடுத்த முறை அவள் முன்னால் ஏதேனும் பிசகு நேரும்போது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று வழக்கம்போல் வாயில் வருமானால், ஒரு நொடி நிறுத்தி, நடந்ததை மட்டும் அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்: ‘கூட்டலில் ஒரு எண்ணை விட்டுவிட்டேன். இரு, திருத்திவிடுகிறேன்.’

அன்புடன்,
உங்கள் மருத்துவர்